அரண்மனைக்குள் ஓர் ஆய்வுக்கூடம்

பள்ளியிலோ கல்லூரியிலோ நீங்கள் பலமுறை வெப்பமானியைக் கையில் எடுத்திருப்பீர்கள். மெல்லிய கண்ணாடிக் குழல். அடியில் ஒரு சிறு குமிழ். உள்ளே பாதரசமோ, சிவப்பு நிறம் ஊட்டிய ஆல்கஹாலோ இருக்கும். மேல்முனை உருக்கி மூடப்பட்டிருக்கும். இந்தக் கருவி வளர்ந்த வீடு எது என்று என்றேனும் எண்ணிப் பார்த்ததுண்டா?

அது பல்கலைக்கழகம் அன்று, தொழிற்கூடமும் அன்று. இத்தாலி நாட்டில் புளோரன்ஸ் நகரில் ஆர்னோ ஆற்றின் தென்கரையில் நிற்கும் ஓர் அரண்மனை. பிட்டி அரண்மனை என்பது அதன் பெயர். இன்று அது ஒரு கலைக்காட்சியகம். உலகெங்கிலுமிருந்து வரும் மக்கள் அங்கே ரஃபேல், டிஷன், ரூபன்ஸ் ஆகியோரின் ஓவியங்களைக் கண்டு வியக்கிறார்கள். அந்த ஓவியங்கள் தொங்கும் மாளிகையில் ஒரு காலத்தில் பனிக்கட்டி மலைபோல் குவிக்கப்பட்டது. வெள்ளிக் குண்டுகள் சம்மட்டியால் அடிக்கப்பட்டன. சனிக்கோளின் மாதிரி உருவைத் தொலைநோக்கி வழியே பார்த்துப் படம் வரைந்தார்கள். இதை அறிந்து செல்வோர் சிலரே. அந்தக் கதையைத்தான் இங்கே காணப் போகிறோம்.

வங்கியர் கட்டியது, மன்னர் வாங்கியது

லூக்கா பிட்டி என்பவர் புளோரன்சின் பெரும் வங்கியர்களுள் ஒருவர். அந்நாளில் நகரைத் தம் கைக்குள் வைத்திருந்த மெடிச்சி குடும்பத்தின் மாளிகையை மிஞ்சும்படி ஒரு மாளிகை எழுப்ப வேண்டும் என்று அவர் விரும்பினார். 1458-ஆம் ஆண்டில் வேலை தொடங்கியது. செதுக்காத பெரும் கற்களை அடுக்கி எழுப்பிய அதன் முகப்பு, மாளிகை என்பதைவிடக் கோட்டை என்றே எண்ணத் தோன்றும். ஆனால் பிட்டியின் செல்வாக்கும் செல்வமும் சரிந்தன. மாளிகை முடியாமலே நின்றது. 1472-இல் அவர் இறந்தார்.

1549-இல் அம்மாளிகையை விலைக்கு வாங்கியவர் யார் தெரியுமா? முதலாம் கோசிமோ என்னும் மெடிச்சி கோமகனின் மனைவி எலியனோரா. யாரை மிஞ்சுவதற்காக வீடு கட்டப்பட்டதோ அவர்கள் வீட்டுக்கே அது போய்ச் சேர்ந்தது! அம்மனாட்டி என்னும் கட்டடக் கலைஞர் அதை விரிவாக்கிப் பெரிய முற்றம் ஒன்றை அமைத்தார். பின்புறக் குன்றில் போபோலி என்னும் தோட்டம் எழுந்தது. 1565-இல் வசாரி என்னும் கலைஞர், ஆற்றின் மறுகரையில் இருந்த அரசு அலுவலகங்களிலிருந்து பழைய பாலத்தின் கடைகளுக்கு மேலாக இந்த அரண்மனை வரை ஒரு மூடிய நடைபாதையை ஐந்தே மாதங்களில் கட்டி முடித்தார். மன்னர் தெருவில் இறங்காமலே, மக்கள் கண்ணில் படாமலே, வீட்டிலிருந்து அலுவலகம் சென்று வரலாம். அந்த அலுவலகக் கட்டடம்தான் இன்று உலகப் புகழ் பெற்ற உஃபிசி கலைக்கூடம். மன்னர் மட்டுமே நடந்த அந்தப் பாதையில் இன்று நுழைவுச்சீட்டு வாங்கிய எவரும் நடக்கலாம்.

விதானத்தில் பழைய வானம்

1610-ஆம் ஆண்டில் கலிலியோ தம் தொலைநோக்கியை வியாழனை நோக்கித் திருப்பி, அதைச் சுற்றி வரும் நான்கு துணைக்கோள்களைக் கண்டார் என்பது உங்களுக்குத் தெரியும். அவற்றுக்கு அவர் இட்ட பெயர் ‘மெடிச்சி விண்மீன்கள்’. அப்போது டஸ்கனியின் பெருங்கோமகனாக இருந்த இரண்டாம் கோசிமோ, கலிலியோவிடம் கணிதம் கற்றவர். பெயர் சூட்டியதற்கும் பயன் கிடைத்தது. கலிலியோ அரசவைக் கணித அறிஞராகவும் மெய்யியல் அறிஞராகவும் அமர்த்தப்பட்டார்.

ஆனால் 1633-இல் ரோம் நகரின் சமய நீதிமன்றம், பூமி சூரியனைச் சுற்றுகிறது என்னும் கொள்கைக்காகக் கலிலியோவைத் தண்டித்தபோது, மெடிச்சி குடும்பத்தால் அவரைக் காப்பாற்ற இயலவில்லை. புளோரன்சுக்கு அருகில் ஆர்செட்ரியில் வீட்டுக் காவலில் இருந்தபடியே 1642-இல் அவர் மறைந்தார். அவருக்குச் சிறப்பான ஒரு கல்லறை எழுப்பவும் இடம் தரப்படவில்லை.

அவர் மறைவதற்குச் சற்று முன், 1641-இல், பிட்டி அரண்மனையின் வரவேற்பு அறைகளில் பியத்ரோ கொர்த்தோனா என்னும் ஓவியர் விதான ஓவியங்களைத் தீட்டத் தொடங்கினார். அவர் விட்டுச் சென்ற பணியை அவர் மாணவர் சிரோ ஃபெர்ரி 1665-ஆம் ஆண்டு வாக்கில் முடித்தார். ஐந்து அறைகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு வானப் பொருளின் பெயர். அவற்றின் வரிசையைக் கவனியுங்கள்: வெள்ளி, சூரியன், செவ்வாய், வியாழன், சனி.

இந்த வரிசையில் உள்ள வியப்பு உங்களுக்குப் புலப்படுகிறதா? சூரியனை நடுவில் வைத்தால் புதன், வெள்ளி, பூமி, செவ்வாய் என்றுதான் கோள்கள் வரும். வெள்ளிக்கும் செவ்வாய்க்கும் இடையில் சூரியன் வருவது பூமியை நடுவில் வைத்த தாலமியின் வானத்தில் மட்டுமே. கலிலியோவை அரவணைத்த குடும்பத்தின் விதானத்தில் கலிலியோ மறுத்த வானமே தீட்டப்பட்டது. ஓவியத்தின் அழகுக்கு அதனால் குறைவில்லை. ஆனால் அக்காலத்தில் எதை வெளிப்படையாகச் சொல்ல முடிந்தது, எதைச் சொல்ல முடியவில்லை என்பதை அந்த விதானம் நமக்கு உணர்த்துகிறது.

சோதனையே பெயராகக் கொண்ட கழகம்

சொல்ல முடியாததைச் சொல்லாமல், செய்ய முடிந்ததைச் செய்து பார்ப்போம் என்று சிலர் முடிவு செய்தார்கள். பெருங்கோமகன் இரண்டாம் பெர்டினாண்டோவும், அவர் தம்பி இளவரசர் லியோபோல்டோவும் 1657-ஆம் ஆண்டு சூன் மாதத்தில் அறிஞர் சிலரைப் பிட்டி அரண்மனையில் ஒன்று கூட்டினார்கள். இக்குழுவுக்குச் சிமென்டோ கழகம் என்று பெயர். அந்த இத்தாலியச் சொல்லுக்குச் சோதனை என்பது பொருள். மீண்டும் மீண்டும் சோதித்துப் பார் என்னும் கருத்தே கழகத்தின் குறிக்கோளுரை.

யார் யார் இதில் இருந்தார்கள்? கலிலியோவின் இறுதி நாட்களில் உடனிருந்த மாணவர் விவியானி. உடல் உறுப்புகளின் அசைவை நெம்புகோல் விதிகளால் விளக்கிய பொரெல்லி. அழுகும் இறைச்சியில் புழுக்கள் தாமாகத் தோன்றுவதில்லை, ஈக்களின் முட்டையிலிருந்தே வருகின்றன என்று பின்னாளில் காட்டிய ரெடி. கழகத்தின் செயலாளராக விளங்கிய மகலோட்டி. இவர்களோடு நாம் மறக்கக் கூடாத இன்னொருவரும் உண்டு. அவர் கண்ணாடி ஊதும் கைவினைஞர் அலமன்னி. ஊதுவதில் அவருக்கிருந்த திறமைக்காகவே மக்கள் அவருக்கு ஒரு பட்டப்பெயர் வைத்திருந்தார்கள்.

கலிலியோ காலத்துக் கருவி உண்மையில் வெப்பமானி அன்று. அதில் ஒரு குமிழில் இருந்த காற்று விரிந்து சுருங்குவதால், குழலில் நீர்மட்டம் இறங்கி ஏறும். குழலின் மறுமுனை திறந்த பாத்திரத்தில் நிற்கும். எனவே வெளிக் காற்றின் அழுத்தம் மாறினாலும் நீர்மட்டம் மாறிவிடும். கருவி காட்டுவது வெப்பத்தின் மாற்றமா, அழுத்தத்தின் மாற்றமா என்று பிரித்தறிய வழியில்லை. காற்றுக்கு அழுத்தம் உண்டு என்பதே 1644-இல் டாரிசெல்லி பாதரசக் குழலைக் கொண்டு விளக்கிய பின்னர்தான் தெளிவாயிற்று. அந்த டாரிசெல்லியும் இதே பெருங்கோமகனின் அரசவைக் கணித அறிஞர்தான்.

இதற்குத் தீர்வு எளியது. ஆனால் முதலில் தோன்ற வேண்டுமே! காற்றுக்குப் பதிலாகத் திரவத்தையே விரியச் செய்து, குழலின் முனையை உருக்கி மூடிவிட்டால் வெளி அழுத்தம் உள்ளே தலையிட முடியாது. பெர்டினாண்டோவின் அரசவையில் உருவான வெப்பமானி இதுவே. அதில் இட்டது ஆல்கஹால். நீரைப் போல அது பனிக்காலத்தில் உறைந்து கண்ணாடியை உடைக்காது. மேலும், ஒரே அளவு வெப்பநிலை உயர்வுக்குப் பாதரசத்தைப் போல ஏறத்தாழ ஆறு மடங்கு விரியும்.

பாகைகளைக் குறிக்க அவர்கள் காகிதம் ஒட்டவில்லை. மையால் கோடு இழுக்கவுமில்லை. கடுகளவான கண்ணாடி மணிகளைக் குழலின் மேலேயே உருக்கி ஒட்டினார்கள். ஒவ்வொரு பாகைக்கும் ஒரு கறுப்பு மணி. பத்துப் பாகைக்கு ஒரு வெள்ளை மணி. ஐம்பது பாகை கொண்டது, நூறு பாகை கொண்டது, இன்னும் நுட்பமாகக் காண்பதற்கு நானூறு பாகைக்கும் மேற்பட்டதாய்ச் சுருள் சுருளாகப் படிக்கட்டுப்போல் வளைத்தது என்று பலவகை செய்தார்கள். அவற்றைக் கருவி என்று சொல்வதா, கலைப்பொருள் என்று சொல்வதா? இன்றும் பார்ப்பவர் திகைக்கிறார்கள்.

இங்கே ஓர் இடர்ப்பாடு உண்டு. பனிக்கட்டி உருகும் நிலை சுழி, நீர் கொதிக்கும் நிலை நூறு என்று நாம் இரு நிலைப்புள்ளிகளை வைத்து அளவிடுகிறோம். அவர்களுக்கு அவ்வாறு உலகறிந்த நிலைப்புள்ளிகள் இல்லை. அப்படியானால் ஒரு வெப்பமானி காட்டுவதையே மற்றொன்றும் காட்டும் என்பதற்கு என்ன உறுதி? கைவினைஞரின் கைதான் உறுதி. ஐம்பது பாகைக் கருவிகளை எத்தனை வேண்டுமானாலும் ஒன்றுபோல் செய்து தர அவரால் முடிந்தது. அதைவிட நீண்டவற்றில் அந்த உறுதி கிடைக்கவில்லை. கழகத்தாரும் இதை மறைக்கவில்லை. பனிக்கட்டி உருகும்போது அவர்களுடைய ஐம்பது பாகைக் கருவி காட்டியது பதின்மூன்றரைப் பாகை. இந்த எண்ணை நினைவில் வையுங்கள். பின்னால் நமக்குத் தேவைப்படும்.

ஒரே கருவி, பதினோர் ஊர்கள்

ஒன்றுபோல் அளக்கும் கருவிகள் கிடைத்தால் அவற்றை வைத்து என்ன செய்யலாம்? 1654-இலேயே பெர்டினாண்டோ இதற்கு விடை கண்டார். அவருக்காக அந்தினோரி என்னும் பாதிரியார் பல ஊர்களுக்கு இக்கருவிகளை அனுப்பி, நாள்தோறும் பலமுறை வெப்பநிலையைக் குறித்து அனுப்பும்படி ஏற்பாடு செய்தார். புளோரன்ஸ், பைசா, பொலோனா, பார்மா, மிலான் முதலிய இத்தாலிய ஊர்களோடு இன்ஸ்புரூக், ஒஸ்னாபுரூக், பாரிஸ், வார்சா ஆகிய வெளிநாட்டு நகரங்களும் சேர்ந்து மொத்தம் பதினோர் இடங்கள். பல நாடுகளில் ஒரேவகைக் கருவியால் வானிலையைப் பதிவு செய்த முதல் அமைப்பு இதுவே எனலாம்.

குறித்தவர்களுள் பலர் துறவிகள். அந்த எண்களால் என்ன பயன் விளையும் என்று அவர்களுக்குத் தெரிந்திராது. ஆயினும் விடாமல் எழுதி வைத்தார்கள். ஏறத்தாழ 350 ஆண்டுகளுக்குப் பிறகு, இத்தாலிய அறிஞர்கள் அந்தப் பழைய குறிப்புகளை எடுத்து, இன்றைய சென்டிகிரேடு அளவுக்கு மாற்றி, 17-ஆம் நூற்றாண்டின் தட்பவெப்பத்தை ஆராய்ந்து 2012-இல் வெளியிட்டார்கள். புவி எவ்வளவு சூடாகியிருக்கிறது என்று கேட்கும் நமக்கு, அன்று எவ்வளவு இருந்தது என்பதைச் சொல்ல அந்தத் துறவிகளே சாட்சி.

தெரியவில்லை என்று சொன்ன துணிவு

கழகத்தாரின் வேறு சில சோதனைகளையும் பார்ப்போம். நீரை அமுக்கிச் சிறிதாக்க முடியுமா என்பது ஒரு கேள்வி. மெல்லிய வெள்ளிக் குண்டு ஒன்றில் நீரை நிரப்பி, வாயை அடைத்து, சம்மட்டியால் அடித்தார்கள். உருண்டை நசுங்கினால் அதன் கொள்ளளவு குறையும். நீர் சுருங்கித்தான் ஆக வேண்டும். ஆனால் நீர் சுருங்கவில்லை. வியர்வை போல வெள்ளியின் நுண்துளைகள் வழியே துளித்துளியாக வெளியே வந்தது! உண்மையில் நீரும் சிறிது அமுங்கும். ஒரு வளிமண்டல அழுத்தத்துக்குச் சுமார் இருபதாயிரத்தில் ஒரு பங்கு குறையும். அதை அளக்கும் நுட்பம் 1762-இல் ஜான் கான்டன் என்னும் ஆங்கிலப் பள்ளி ஆசிரியரின் கையில் கிடைத்தது.

மற்றொன்று இன்னும் சுவையானது. சூட்டைக் குழியாடி குவிக்கும், குளிரையும் குவிக்குமா? ஐந்நூறு இராத்தல் பனிக்கட்டியைக் குவித்து, அதன் எதிரே குழியாடி ஒன்றை வைத்து, அதன் குவியத்தில் நுட்பமான வெப்பமானியை நிறுத்தினார்கள். ஆல்கஹால் மட்டம் இறங்கியது! ஆனால் அவர்கள் துள்ளிக் குதிக்கவில்லை. பனிக்கட்டி அருகிலேயே இருக்கிறதே, நேரடியாகவே குளிர்ந்திருக்கலாமே என்று ஐயுற்றார்கள். ஆடியைத் துணியால் மூடிப் பார்த்தார்கள், மட்டம் ஏறியது. அப்போதும், இதை வைத்து முடிவு கூற மாட்டோம், இன்னும் சோதிக்க வேண்டும் என்றே எழுதி வைத்தார்கள். எல்லாப் பொருள்களும் வெப்பத்தை வெளிவிட்டுக்கொண்டே இருக்கின்றன. வெப்பமானி விடுவதைவிடப் பனிக்கட்டியிலிருந்து அதற்குத் திரும்பி வருவது குறைவு. அதனால்தான் அது குளிர்கிறது என்று 1791-இல் பிரெவோ விளக்கம் தந்தார்.

சனிக்கோளைப் பற்றிய சோதனை மூன்றாவது. தொலைநோக்கியில் சனி சில வேளை காதுகள் முளைத்தது போலவும், சில வேளை வெறும் உருண்டையாகவும் தெரிந்தது. அதைச் சுற்றி ஒரு வளையம் உண்டு என்று டச்சு அறிஞர் ஹைகன்ஸ் 1659-இல் எழுதி, நூலை லியோபோல்டோவுக்கே உரிமையாக்கினார். வளையமில்லை, பின்னால் திரியும் துணைக்கோள்களே என்று மறுத்தார் ஒரு பாதிரியார். நடுவர் கழகத்தார். 1660-இல் அவர்கள் வளையத்தோடு கூடிய மாதிரி உருவம் செய்து, விளக்கொளியில் நெடுந்தொலைவில் வைத்துத் தொலைநோக்கிகள் வழியே பார்த்தார்கள். தங்கள் கண்ணைக்கூட அவர்கள் முழுதும் நம்பவில்லை. சனியைப் பற்றி ஏதும் அறியாத சாதாரண மக்களை அழைத்துப் பார்க்கச் சொல்லி, கண்டதை வரையச் செய்தார்கள். அவர்கள் வரைந்த படங்கள், வானத்தைப் பார்த்து அறிஞர்கள் வரைந்த பழைய படங்களைப் போலவே இருந்தன! முன்முடிவு இல்லாதவர் கண்ணே சிறந்த சாட்சி என்னும் இக்கருத்தை இன்றைய மருத்துவ ஆய்வுகளிலும் காணலாம். அரண்மனையின் விதான ஓவியப் பணி இன்னும் முடியாதிருந்த காலத்தில்தான் இதுவும் நடந்தது.

கழகத்தின் முடிவு

1667-இல் கழகத்தின் சோதனைகள் ஓர் அழகிய நூலாக வெளிவந்தன. எந்தச் சோதனையை யார் செய்தார் என்னும் குறிப்பு அதில் இல்லை. எல்லாம் எல்லாருடையதும். கலிலியோவின் வானத்தைப் பற்றிய வாதமும் அதில் இடம்பெறவில்லை. காரணம் உங்களுக்கே விளங்கும். நூல் கடையில் விற்கப்படவில்லை. இளவரசர் அன்பளிப்பாக வழங்கினார்.

அதே ஆண்டில் லியோபோல்டோ கர்தினால் ஆனார். பொரெல்லி புளோரன்சை விட்டுப் போனார். கழகத்தின் கதை அத்துடன் முடிந்தது. பத்தே ஆண்டுகள்! 1660-இல் இலண்டனில் தோன்றிய ராயல் கழகம் இன்றும் இருக்கிறது. அதற்கு விதிகள் இருந்தன, உறுப்பினர் செலுத்தும் கட்டணம் இருந்தது, இதழ் இருந்தது. சிமென்டோ கழகத்துக்கு இருந்ததெல்லாம் ஓர் இளவரசரின் ஆர்வம் மட்டுமே. ஒருவர் விருப்பத்தில் பிறந்தது அவர் விருப்பம் திரும்பியதும் மடிந்தது.

ஒரு பெண்மணி எழுதிய உடன்படிக்கை

1737-ஆம் ஆண்டு நம் கதையில் இருமுறை வருகிறது. அவ்வாண்டு மார்ச்சு மாதத்தில், இறந்து 95 ஆண்டுகளுக்குப் பிறகு, கலிலியோவின் உடல் சாந்தா குரோச்சே தேவாலயத்தில் எழுப்பிய சிறப்பான கல்லறைக்கு மாற்றப்பட்டது. இதற்காக வாழ்நாள் முழுதும் போராடிய விவியானி 1703-இலேயே இறந்துவிட்டார். அவர் விட்டுச் சென்ற பொருளும் விருப்பமும்தான் அந்தக் கல்லறைக்கு வழிவகுத்தன.

அதே ஆண்டு சூலை மாதத்தில் மெடிச்சி குலத்தின் கடைசிப் பெருங்கோமகன் வாரிசின்றி இறந்தார். ஆட்சி லொரேன் குலத்துக்குச் சென்றது. மெடிச்சி குலத்தில் எஞ்சியவர் அவர் தமக்கை அன்னா மரியா லூயிசா ஒருவரே. குலத்தின் சொத்தெல்லாம் அவர் கையில்: ஓவியங்கள், சிலைகள், நூலகங்கள், மணிகள். புதிய ஆட்சியாளரோ வெளிநாட்டவர். அவற்றை வண்டியேற்றிக்கொண்டு போக எவ்வளவு நேரம் ஆகும்?

அக்டோபர் 31-ஆம் நாள் அவர் புதிய ஆட்சியாளருடன் ஓர் உடன்படிக்கை செய்தார். சொத்து முழுவதையும் தருகிறேன். ஆனால் அதில் ஒன்றையேனும் புளோரன்சை விட்டு வெளியே கொண்டு போகக் கூடாது. அவை நாட்டுக்கு அணியாகவும், பொதுமக்களுக்குப் பயனாகவும், வெளிநாட்டவரை ஈர்ப்பதாகவும் இங்கேயே இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். 1743-இல் பிட்டி அரண்மனையில் அவர் மறைந்தார். பல அரச குடும்பங்களின் செல்வம் ஏலத்தில் சிதறிப்போன ஐரோப்பாவில், புளோரன்சின் செல்வம் சிதறாமல் நிற்பதற்கு இந்தத் தாளே பெருங்காரணம்.

கதவுகள் திறந்தன

லொரேன் குலத்துப் பியத்ரோ லியோபோல்டோ 1769-இல் உஃபிசியைப் பொதுமக்களுக்குத் திறந்தார். 1775-இல் பிட்டி அரண்மனையை அடுத்த மாளிகையில் இயற்பியல், இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் ஒன்றைத் திறந்தார். கழகத்தின் கண்ணாடிக் கருவிகளில் தப்பியவை அங்கே வந்து சேர்ந்தன.

1829-இல் அப்பழம்பொருள்களுக்கிடையே ஐம்பது பாகை வெப்பமானிகள் பல கண்டெடுக்கப்பட்டன. லிப்ரி என்னும் கணித அறிஞர் அவற்றைச் சோதித்தார். உருகும் பனிக்கட்டியில் வைத்தபோது அவை காட்டியது எவ்வளவு? பதின்மூன்றரைப் பாகை! 170 ஆண்டுகளுக்கு முன் ஊதிய குழல்கள் இன்னும் பொய் சொல்லவில்லை. அவை அழியாது இருந்ததால்தான் பழைய வானிலைக் குறிப்புகளின் எண்களுக்குப் பொருள் கிடைத்தது. இங்கே ஒரு கசப்பான செய்தியையும் சொல்ல வேண்டும். இதே லிப்ரி பின்னர் பிரான்சு நாட்டின் பொது நூலகங்களிலிருந்து ஆயிரக்கணக்கான அரிய நூல்களையும் கையெழுத்துப் படிகளையும் திருடியவர். 1850-இல் அவர் நேரில் இல்லாமலே வழக்கு நடந்து தண்டனை விதிக்கப்பட்டது. அறிவு மிக்கவர் கையில் பொதுச்செல்வம் பத்திரமாக இருக்கும் என்பது வெறும் நம்பிக்கையே.

அரண்மனையின் ஓவியங்களும் எளிதில் தப்பிவிடவில்லை. 1799-இல் நெப்போலியன் காலத்துப் பிரெஞ்சுப் படைகள் பலவற்றைப் பாரிசுக்குக் கொண்டு சென்றன. 1815-இல் அவை மீண்டன. 1865 முதல் 1871 வரை புளோரன்ஸ் இத்தாலியின் தலைநகராக விளங்கியபோது அரசர் இங்கே குடியிருந்தார். 1919-இல் மூன்றாம் விக்டர் இம்மானுவேல் மன்னர் அரண்மனையை நாட்டுக்கு ஒப்படைத்தார். அன்றுதான் அது முழுமையாக மக்கள் சொத்தாயிற்று.

இன்று அங்குள்ள பலத்தீன் கலைக்கூடத்தில் ஓவியங்கள் கால வரிசையில் இல்லை. மன்னர்கள் மாட்டியபடியே சுவர் நிறையச் சட்டத்தோடு சட்டம் ஒட்டித் தொங்குகின்றன. சனியின் அறையில் ரஃபேலின் புகழ் பெற்ற வட்ட ஓவியம் இருக்கிறது. நாற்காலியில் அமர்ந்து மகனை அணைத்திருக்கும் தாயின் உருவம் அது. விட்டம் 71 செ.மீ. மட்டுமே. அந்த அறையில் நிற்போர் தலையை நிமிர்த்தி, விதானத்தில் தாலமியின் வானம் முடிவதையும் பார்க்கலாம்.

எலுமிச்சைக் கூடத்தின் இயற்பியல்

1944-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் தொடக்கத்தில் பின்வாங்கிய செருமானியப் படை, பழைய பாலம் ஒன்று நீங்கலாக ஆர்னோவின் பாலங்கள் அனைத்தையும் தகர்த்தது. ஆற்றோரத்து வீடுகளும் தரைமட்டமாயின. வீடிழந்த ஆயிரக்கணக்கான மக்கள் பிட்டி அரண்மனையின் கூடங்களிலும் முற்றத்திலும் தஞ்சம் புகுந்தார்கள். மன்னர் வாழ்ந்த மாளிகை மக்களுக்கு வீடாயிற்று.

1966 நவம்பர் 4-ஆம் நாள் ஆர்னோ பெருக்கெடுத்து நகருக்குள் புகுந்தது. தேவாலயங்களிலும் காட்சியகங்களிலும் இருந்த பழைய மரப்பலகை ஓவியங்கள் சேற்று நீரிலும் எண்ணெயிலும் ஊறிப்போயின. அவற்றைக் காப்பது எப்படி? வெயிலில் வைத்துக் காய்த்தால் போதாதா என்று கேட்பீர்கள். அதுதான் பெருங்கேடு! நீரில் ஊறிய மரம் உப்பும், காயும்போது சுருங்கும். மேலே பூசிய சுண்ணப் பூச்சும் வண்ணமும் அதே அளவு சுருங்குவதில்லை. மரம் விரைந்து சுருங்கினால் வண்ணம் பொருக்குப் பொருக்காக உதிர்ந்துவிடும்.

பிட்டி அரண்மனையின் போபோலித் தோட்டத்தில், குளிர்காலத்தில் எலுமிச்சைத் தொட்டிகளைப் பாதுகாக்க 18-ஆம் நூற்றாண்டில் கட்டிய நீண்ட கூடம் ஒன்று உண்டு. ஓவியங்களை அங்கே கொண்டு வந்தார்கள். வண்ணம் உதிராதபடி மேலே மெல்லிய தாளை ஒட்டினார்கள். கூடத்தை அடைத்து, காற்றின் ஈரப்பதத்தை முதலில் மிக உயர்வாக வைத்து, பின் மாதக் கணக்கில் சிறிது சிறிதாகக் குறைத்தார்கள். ஈரத்தில் பூஞ்சை முளைக்காமல் இருக்க மருந்து தெளித்தார்கள். மரம் மெல்ல மெல்ல உலர்ந்தது. ஓவியங்கள் பல பிழைத்தன.

இந்த வேலைக்குக் காற்றின் ஈரத்தை அளந்துகொண்டே இருக்க வேண்டும் அல்லவா? அந்தக் கலையிலும் இந்த அரண்மனைக்குப் பழைய தொடர்பு உண்டு. 17-ஆம் நூற்றாண்டில் பெர்டினாண்டோ ஒரு ஈரமானியைக் கண்டுபிடித்திருந்தார். கூம்பு வடிவப் பாத்திரத்தில் பனிக்கட்டியை நிரப்பித் தொங்கவிட்டால், காற்றில் உள்ள நீராவி அதன் வெளிப்புறத்தில் படிந்து சொட்டும். குறிப்பிட்ட நேரத்தில் எத்தனை நீர் சேர்கிறது என்று அளப்பார்கள். அன்று அரசரின் ஆர்வத்துக்காக அளந்த ஈரத்தை, முந்நூறு ஆண்டுகள் கழித்து அதே வளாகத்தில், ஊர் மக்களின் ஓவியங்களைக் காப்பதற்காக அளந்தார்கள்.

பூட்டிய அலமாரி

இறுதியாக என்னைப் பற்றிச் சிறிது. நான் படித்த கல்லூரியில் நல்ல கருவிகள் இருந்தன; கண்ணாடிக் கதவு போட்ட அலமாரிக்குள் பூட்டி இருந்தன. மூன்று ஆண்டுகளில் அவற்றில் பலவற்றை நாங்கள் கண்ணால் மட்டுமே பார்த்தோம். உடைந்தால் பிரேக்கேஜ் பணம் யார் கட்டுவது? இன்று நான் ஆசிரியன். சாவி என் மேசையில் இருக்கிறது. ஒரு மாணவி சென்ற ஆண்டு ஒரு வெப்பமானியைக் கைதவறிப் போட்டு உடைத்தபோது, அன்று மாலையே எஞ்சியவற்றை எடுத்து உள்ளே வைத்துப் பூட்டிவிட்டேன். மறுநாள் வகுப்பில் கரும்பலகையில் படம் வரைந்து வெப்பமானியை விளக்கினேன். பிள்ளைகளும் பேசாமல் எழுதிக்கொண்டார்கள்.

இக்கட்டுரைக்காகப் படித்துக்கொண்டிருந்தபோதுதான் அந்த மாலை எனக்கு உறுத்தியது. சிமென்டோ கழகத்தாரின் கண்ணாடி எத்தனை முறை உடைந்திருக்கும்! உடைந்தால் ஊதித் தர அலமன்னி இருந்தார். மீண்டும் சோதிக்க வேண்டும் என்னும் உறுதி இருந்தது. ஆனால் அவர்களிடமும் ஒரு குறை இருந்தது. அறிவு அரண்மனைக்குள்ளேயே நின்றது; அரண்மனையின் கதவு அடைபட்டதும் அதுவும் அடைபட்டது. கதவைப் பொதுவுக்குத் திறந்த பிறகே ஓவியம், கருவி, எண் எல்லாம் உயிர் பெற்றன.

அந்தக் கருவிகளில் எஞ்சியவை இன்று புளோரன்சின் கலிலியோ அருங்காட்சியகத்தில் உள்ளன. சீட்டு வாங்கிய எவரும் பார்க்கலாம். அவ்வளவு தொலைவு போக நம்மில் பலருக்கு இயலாது. ஆனால் ஒரு வெப்பமானியும், ஒரு கிண்ணம் பனிக்கட்டியும் கிடைக்காத ஊர் நம் நாட்டில் இன்று மிகக் குறைவு. உருகும் பனிக்கட்டியில் உங்கள் வெப்பமானியை வைத்துப் பாருங்கள். சுழி காட்டுகிறதா? காட்டாவிட்டால் எவ்வளவு பிழை? மறுநாளும் அதே பிழையா? குறித்து வையுங்கள்.

என் ஆய்வுக்கூடத்து அலமாரியின் சாவி இப்போது கதவிலேயே தொங்குகிறது.